"இங்க பாரு, சிரி" என்று சொல்லாமல் குழந்தைகளை வீட்டிலும் ஏற்காட்டிலும் படம் எடுப்பது எப்படி?

கன்னங்குறிச்சி அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு நாலரை வயது, மகனுக்கு ஒன்றரை. சின்னவனின் முதல் பிறந்தநாளுக்கு ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். பின்னால் நீல வானம் அச்சடித்த துணி, கையில் பிளாஸ்டிக் பூ, ஒருவர் கிலுகிலுப்பை ஆட்ட இன்னொருவர் விசிலடிக்க, சின்னவன் அழுது மூக்கெல்லாம் சிவந்துவிட்டது. பெரியவள் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, எல்லாப் பல்லும் தெரிகிற மாதிரி ஒரு சிரிப்பு வைத்திருக்கிறாள். அது அவள் சிரிப்பே இல்லை. அன்றிலிருந்து யார் போனை நீட்டினாலும் அதே முகம்தான் வருகிறது.

என் தம்பி போனில் எடுத்த ஒரு படம் இருக்கிறது. வாசற்படியில் உட்கார்ந்து பொம்மைக்குத் தயிர்சோறு ஊட்டுகிறாள், பொம்மையின் வாயைச் சுற்றிச் சோறு, ஊட்டும்போது இவள் வாயும் தானாகத் திறந்திருக்கிறது (நானும் அப்படித்தான் ஊட்டுவேனாம், வீட்டுக்காரர் சொன்னார்). படம் ஆடியிருக்கிறது, கலரும் சரியில்லை. ஆனால் எனக்கு இந்த மாதிரிதான் வேண்டும், கொஞ்சம் தெளிவாக.

கார்த்திகையில் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். முடிந்ததும் இரண்டு பக்கத்துச் சொந்தமும் சேர்ந்து ஏற்காடு போகிறோம். வீட்டுக்காரரின் பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் பீரோவில் தூங்குகிறது, அதோடு வந்த 18-55 லென்ஸ், அப்புறம் யாரோ சொல்லி வாங்கிய 50 எம்எம் லென்ஸ். போன் சுமாரானது. ஹாலில் ஒரே ஜன்னல், கிழக்குப் பார்த்தது, சுவர் முழுக்கப் பச்சை பெயின்ட், அதனால் எப்போதும் டியூப்லைட் எரியும். அங்கே எடுத்தால் ஒன்று ஆடுகிறது, இல்லை முகம் காமாலை வந்த மாதிரி இருக்கிறது. மாமியாருக்கோ எல்லோரும் வரிசையாக நின்று கேமராவைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அது போட்டோவே இல்லை. நாங்களே எடுக்கலாமா, ஆள் வைக்கலாமா? ஏற்காட்டில் குழந்தைகளை விட்டு எடுக்க எந்த இடம், எந்த நேரம்?

சேலத்து ஷட்டர்:

அந்த ஸ்டுடியோக்காரரையும் ரொம்பத் திட்டாதீங்க, அவருக்கு ஒரு குடும்பத்துக்குப் பத்து நிமிடம், அடுத்த குடும்பம் வாசலில் நிற்கும். நான் இதே ஊரில் கல்யாணம், காதுகுத்து, சீர் எல்லாம் எடுப்பவன். கல்யாணச் சீசன் இல்லாத மாதங்களில் வீட்டுக்கே போய்க் குழந்தைகளை எடுக்கிறேன், உண்மையில் அதுதான் எனக்குப் பிடித்த வேலை.

முதலில் டியூப்லைட்டை அணையுங்க. பகலில் ஜன்னல் வெளிச்சம் ஒன்று போதும். இரண்டு வெளிச்சமும் கலந்தால் கேமராவுக்கு எது வெள்ளை என்று தெரியாது, ஒரு கன்னம் நீலமாகவும் இன்னொரு கன்னம் மஞ்சளாகவும் வரும், பச்சைச் சுவர் வேறு தன் பங்குக்குக் கொஞ்சம் பூசிவிடும். இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன, கண்ணுக்குத் தெரியாது. ஓடுகிற பிள்ளையைப் பிடிக்க ஷட்டரை (கேமரா வெளிச்சத்தை வாங்கும் நேரம்) வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழும். மெதுவாக வைத்தால் பிள்ளை ஆடும். ஆகவே விளக்கை நம்பிப் பிரயோஜனம் இல்லை.

கிழக்கு ஜன்னல் என்றால் காலையில் வெயில் நேராக உள்ளே வரும், அது முகத்தில் விழுந்தால் பாதி வெள்ளை பாதி கறுப்பு. மாமனாரின் மெல்லிய வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னலில் கட்டிவிடுங்க, காசு கொடுத்து வாங்கும் எந்த டிஃப்யூசரும் இதற்கு மேல் எதுவும் செய்துவிடாது. வெயில் ஏறிய பிறகு வேட்டியும் வேண்டாம். எதிர்ப்பக்கம் பச்சைச் சுவர் என்றால் அந்தப் பக்கம் இருக்கும் சோபாவில் வெள்ளை பெட்ஷீட் ஒன்றைப் போட்டுவிட்டால் முகத்தின் நிழல் பக்கத்தில் பச்சை குறையும். பிள்ளைகளை ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு வராதீங்க, விளையாட்டுச் சாமானை ஜன்னலோரம் கொட்டுங்க, அவர்களே வருவார்கள்.

லென்ஸ் விஷயம். 50 எம்எம் நல்ல லென்ஸ்தான், ஆனால் உங்களிடம் இருக்கும் கேமராவில் படம் பதியும் சென்சார் சின்னதாகத்தான் இருக்கும், அதில் போட்டால் பழைய ஃபிலிம் கேமராவில் 80 எம்எம் போட்ட கணக்கு. நம் ஊர் ஹாலில் முதுகு சுவரில் இடிக்க நின்றாலும் ஒரு முகம்தான் அடங்கும். வீட்டுக்குள்ளே 18-55 லென்ஸின் ஜூம் வளையத்தை 24க்கும் 35க்கும் நடுவில் வையுங்க. 50ஐ ஏற்காட்டுக்கு வைத்துக்கொள்ளுங்க. உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு ஷட்டர் 1/250 நொடி, நடந்தால் ஓடினால் 1/500, ஊஞ்சல் குதியாட்டம் என்றால் 1/1000. இதற்காக ஐஎஸ்ஓ (குறைந்த வெளிச்சத்திலும் படத்தை வெளிச்சமாக்கும் அளவு) 1600, 3200 போனாலும் போகட்டும். புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தை மன்னித்துவிடலாம், ஆடிய முகத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஃபோகஸைத் தொடர்ந்து பின்தொடரும் முறைக்கு மாற்றிவிடுங்க, பீப் சத்தத்தை அணைத்துவிடுங்க, அந்த பீப் கேட்டதும் உங்கள் மகள் கழுத்தைச் சாய்ப்பாள் என்று பந்தயம் கட்டுவேன். பிளாஷ் வேண்டாம்.

அப்புறம் தரையில் உட்காருங்க. பெரியவர்கள் நின்றபடி எடுப்பதால்தான் எல்லா வீட்டு ஆல்பத்திலும் குழந்தைகள் பெரிய தலையும் குட்டைக் காலுமாக இருக்கிறார்கள். சின்னவனின் கண் உயரம் என்றால் நீங்கள் சம்மணம் போட்டாலும் உயரம்தான், இன்னும் குனிய வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று. "இங்க பாரு" என்ற வார்த்தையை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்க, அதற்குப் பதில் வேலை கொடுங்க. சமீபத்தில் ஒரு வீட்டில் பாட்டி முறத்தை வைத்துக்கொண்டு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் பேரன், உங்கள் சின்னவனைவிடக் கொஞ்சம் பெரியவன். பாட்டி பருப்பைக் கிண்ணத்தில் போடப் போட இவன் தரையில் கிடக்கும் தோலைப் பொறுக்கி அதே கிண்ணத்தில் போடுகிறான், உதவி செய்கிறானாம். பாட்டி ரொம்ப நேரம் கண்டுகொள்ளவே இல்லை. பிறகு தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி அவனைப் பார்த்தார், அவன் அந்த நேரம் பார்த்து ஒரு தோலைத் தன் வாயில் வைத்தான். நான் செய்ததெல்லாம் அந்தப் பக்கம் போகாமல் வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததுதான். எண்ணெய் தேய்ப்பது, சடை பின்னுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பூரிக்கு உருண்டை பிடிப்பது, இதில் எதை எடுத்தாலும் நடக்கும்.

அஸ்தம்பட்டி அப்பா:

ஷட்டர் அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் பீரோவைத் திறந்து, கேமராவை எடுத்து, லென்ஸ் மூடியைக் கழற்றுவதற்குள் பொம்மைக்குச் சோறு ஊட்டி முடித்துப் பொம்மையைக் குளிப்பாட்டவும் ஆரம்பித்திருப்பாள். கையில் இருப்பது போன்தான், அதில் எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

லென்ஸைத் துடையுங்கள். குழந்தை இருக்கும் வீட்டுப் போனில் லென்ஸ் மேல் எண்ணெயும் பிஸ்கட்டும் இல்லாமல் இருக்காது, படம் மங்கலாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான், வேட்டி நுனியால் ஒரு தேய். நைட் மோடை அணைத்துவிடுங்கள். போன் அதில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒட்டுகிறது, அதற்குள் பையன் நகர்ந்தால் இரண்டு மூக்கு வந்துவிடும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடும் குழந்தைகளுக்கு ஒத்துவராது, காதோரம் பறக்கும் முடியைக் கத்தரித்துவிடும். முகத்தைத் தொட்டால் பக்கத்தில் ஒரு சூரியன் மாதிரி குறி வரும் இல்லையா, அதைக் கொஞ்சம் கீழே இழுத்து இருட்டாக்கி எடுத்தால் ஜன்னல் பக்கம் வெளுத்துப் போகாது. பட்டனை அழுத்திப் பிடித்தால் அல்லது இழுத்தால் தொடர்ச்சியாக எடுக்கும், போனைப் பொறுத்து மாறும், வீட்டில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அகலமாக எடுக்கும் லென்ஸில் ஓரத்தில் நிற்பவர்களின் முகம் இழுபட்டுப் பூசணிக்காயாக இருக்கும், அத்தையை அங்கே நிறுத்தினால் வருடக் கணக்கில் பேச்சு கேட்க வேண்டும்.

வீடியோ எடுத்து அதிலிருந்து ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். 4கே வீடியோவில் ஒரு காட்சி சுமார் 8 மெகாபிக்சல், சின்ன அளவில் பிரின்ட் போடப் போதும். ஆனால் வீட்டுக்குள் வீடியோவின் ஷட்டர் மெதுவாகத்தான் ஓடும், ஆடுகிற கை ஆடியபடியேதான் கிடைக்கும். சத்தத்துக்காக எடுங்கள், அது வேறு. மழலை போனால் திரும்பாது.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சொந்தக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் உண்மையான சவால்.

மலைக்காப்பி:

ஏற்காட்டுக்காரன் என்ற முறையில் நான். முதலில் சனி, ஞாயிறு வேண்டாம், முடிந்தால் வார நடுவில் வாருங்கள். ஏரியோரமும் அண்ணா பூங்காவும் அப்போதுதான் மூச்சு விடும். மே மாதக் கோடை விழா சமயத்தில் எல்லாம் நடக்க இடமிருக்காது, நல்லவேளை நீங்கள் கார்த்திகையில் வருகிறீர்கள். வெளிச்சமும் அப்போதுதான் வசதி. ஏப்ரல் இருபது வாக்கிலும் ஆகஸ்ட் இருபது வாக்கிலும் சேலத்துப் பக்கம் நண்பகல் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் நிற்கும், கண்குழியெல்லாம் கறுப்பாகிவிடும். கார்த்திகையில் நண்பகலிலேயே தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும், பொழுது முழுக்க எடுக்கலாம்.

ஆனால் பனிமூட்டம் வரும். வரட்டும், அதை விட்டுவிட்டு ரூமில் உட்காராதீர்கள். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் அவ்வளவு வெள்ளையைப் பார்த்ததும் பயந்து படத்தைச் சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, +1 அளவுக்கு ஏற்றி வையுங்கள், போனில் அதே சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும், அதனால் குழந்தையின் உடையில் கோடு, பட்டன், காலர் எதையாவது பிடித்து ஃபோகஸ் செய்யுங்கள். சாம்பல் ஸ்வெட்டர் போட்டால் பிள்ளையைக் காணோம். சிவப்போ கத்தரிப்பூ நிறமோ போட்டு விடுங்கள், முழுக் குடும்பமும் ஒரே கலர் டி-ஷர்ட் என்று மட்டும் கிளம்பி வராதீர்கள், ஏரியோரம் வாரத்துக்கு நாலு குடும்பம் அப்படிப் பார்க்கிறேன், கம்பெனி டூர் மாதிரி இருக்கிறது. காரில் ஏசி ஓடவிட்டு வந்து கதவைத் திறந்ததும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் படியும். மேலே ஏறும்போதே ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள், கேமரா பையிலேயே இருக்கட்டும்.

இடம் என்றால், பகோடா பாயின்ட் என்ற காட்சிமுனை மலையின் கிழக்கு ஓரம், காலையில் போங்கள். லேடீஸ் சீட் சாயங்காலம், கீழே சேலம் விளக்குகள் தெரியும், ஆனால் அங்கே ஒன்றரை வயதுப் பையனைக் கையை விட்டு எடுக்கிற ஆசையே வேண்டாம், அது பள்ளத்தாக்கின் விளிம்பு. பிள்ளைகளை ஓடவிடுவதற்கு என் ஓட்டு சேர்வராயன் கோயில் இருக்கும் மேடுதான். மலைமேல் சமமாக, திறந்த வெளியாக இருக்கும், காற்று அடிக்கும், பிள்ளைகள் காற்றுக்கு எதிராக ஓடும்போது முகத்தில் வருவதை எந்த ஸ்டுடியோவிலும் வரவழைக்க முடியாது. கோயில் குகைக்குள் படம் எடுக்கும் முன் பூசாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிளியூர் அருவிக்கு இறங்கும் படி செங்குத்து, இந்த வயதுப் பிள்ளைகளோடு வேண்டாம்.

காப்பித் தோட்டத்தில் எடுக்க எல்லோருக்கும் ஆசை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த பயிர், இன்று மலை முழுக்க இருந்தாலும் எல்லாம் ஒருவருக்குச் சொந்தமான எஸ்டேட். கேட் திறந்திருக்கிறதே என்று நுழையாதீர்கள், தங்கும் இடத்தில் கேட்டால் பெரும்பாலும் யாராவது அழைத்துப் போவார்கள். கார்த்திகை என்றால் பழம் சிவக்கும் காலம், பறிக்கும் ஆட்கள் வேலையில் இருப்பார்கள். அவர்களைக் கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள். செடிக்கு மேலே சில்வர் ஓக் நிழல், அது ஒரு தந்திரமான வெளிச்சம், பொட்டுப் பொட்டாக வெயில் விழும், ஒரு பொட்டு நெற்றியில், ஒரு பொட்டு மூக்கில். நல்ல நிழல் முடிந்து வெட்டவெளி தொடங்கும் ஓரத்தில், நிழலுக்குள் பிள்ளை இருக்க, முகம் வெளிப்பக்கம் இருக்கும்படி விளையாட விடுங்கள். காப்பிப் பழத்தை எண்ணச் சொல்லுங்கள், நாலரை வயதுக்காரிக்கு அது போதும்.

குரங்கு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கையில் தின்பண்டத்தோடு குழந்தையை நிறுத்தி, பின்னால் குரங்கு தெரிய ஒரு படம் என்ற யோசனை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். வளைவுகளில் காரை நிறுத்தி இறங்குவதும் அப்படித்தான், பின்னால் வரும் பஸ்ஸுக்கு உங்கள் ஆல்பம் தெரியாது.

அப்புறம், கன்னங்குறிச்சியில் இருந்துகொண்டு வெளி இடம் எங்கே என்று கேட்கிறீர்களே, மூக்கனேரி வாசலிலேயே இருக்கிறதே? காலையில் ஏரிக்கரையில் நடக்கவிட்டால் பறவை பார்க்கிற முகம் கிடைக்கும். ஏற்காட்டுக்கு முன்னால் அங்கே போய்ப் பழகிக்கொள்ளுங்கள்.

ஓய்வு வாத்தியாரம்மா:

எல்லோரும் வரிசைப் படத்தை ஒரு கேலியாகவே பேசுகிறீர்கள், உங்கள் மாமியார் பக்கம் நின்று கொஞ்சம் பேசுகிறேன் அம்மா.

எங்கள் காலத்தில் ஒரு ரோலில் முப்பத்தாறு படம், அதைக் கழுவிப் பார்க்கும் வரை என்ன விழுந்திருக்கிறது என்று தெரியாது. ஒரு படத்தில் எல்லோர் முகமும் தெரிய வேண்டும் என்றால் வரிசையில் நிற்பது தவிர வழியில்லை. அதற்கும் முந்தைய காலத்தில் படம் பதியும் கண்ணாடிப் பிளேட்டுக்கு வெளிச்சத்தை வாங்கவே நேரம் பிடித்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், யாரும் சிரிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் வீட்டில் என் அம்மாவின் கல்யாண குரூப் போட்டோ ஒன்று இருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை, ஓரத்தில் ஒரு சின்னப் பையன் கண்ணை மூடியிருக்கிறான். ஆனால் யார் யாருக்கு என்ன முறை, அன்றைக்கு யார் வந்தார்கள், யார் கோபித்துக்கொண்டு வரவில்லை என்பதுவரை அந்த ஒரு படத்தை வைத்துச் சொல்லிவிடலாம். இப்போது என் பேத்தியின் பிறந்தநாள் படங்கள் என்று அனுப்புகிறார்கள், கேக் மேல் கை, பாதி முகம், யாருடைய தோளோ. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் யார் தோள்?

அறுபதாம் கல்யாணத்துக்கு உங்கள் மாமியார் கேட்பது ஐந்து நிமிடம். கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் சாப்பிட்டு, தூக்கம் வருவதற்கு முன்னால், நல்ல நிழலில், ஒரே மாதிரி உயரம் பார்த்து நிறுத்தி எடுத்துவிடுங்கள்.

சேலத்து ஷட்டர்:

அம்மா, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு. கல்யாண வீட்டில் நான் முதலில் முடிப்பதே அந்த வரிசைதான். ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன், வரிசை முடிந்ததும் "முடிஞ்சுது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கேமராவை இறக்காமல் எடுத்துக்கொண்டே இருங்க. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விடுவார்கள், தாத்தா துண்டை உதறுவார், யாராவது ஒரு பிள்ளையைத் தூக்குவார்கள், பாட்டி யாருடைய புடவை மடிப்பையோ இழுத்துச் சரிசெய்வார். வரிசையில் எடுத்ததைச் சட்டம் போட்டு மாமியாருக்குக் கொடுத்துவிட்டு, கலையும்போது எடுத்ததை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

கன்னங்குறிச்சி அம்மா:

எல்லோருக்கும் நன்றி. அம்மா, மாமியாரிடம் உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன், உங்கள் போன் நம்பர் கேட்கிறார்.

நேற்று டியூப்லைட்டை அணைத்துவிட்டு வேட்டி கட்டிப் பார்த்தேன், முகத்தில் மஞ்சள் போயேபோய்விட்டது. பெரியவளுக்குப் பட்டாணி உரிக்கக் கொடுத்தேன். முதலில் என்னையே பார்த்துப் பல்லைக் காட்டினாள், ஒரு படமும் எடுக்காமல் சும்மா இருந்தேன், அப்புறம் பட்டாணிக்குள் ஒரு புழு கிடைத்தது, அதோடு என்னை மறந்துவிட்டாள்.

ஆனால் இன்னொரு பிரச்சினை. எங்கள் வீட்டில் எடுப்பது எப்போதும் நான்தான், அதனால் ஐந்து வருடப் படங்களில் நான் இருப்பது விரல்விட்டு எண்ணும் அளவுதான், அதுவும் கல்யாண வீட்டில் பட்டுப்புடவையோடு. வீட்டுக்காரரிடம் எடுங்கள் என்று சொன்னால் எடுப்பார், ஆனால் நான் சொல்லி, நான் முடியைச் சரிசெய்து, நான் அவரைப் பார்த்து நின்று. அது மறுபடி ஸ்டுடியோதானே?

அம்மாபேட்டை தறி:

அக்கா, இதற்கென்றே இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு வந்தேன். என் அம்மா தறியில் உட்கார்ந்திருக்க நான் பக்கத்தில் தூங்குகிற மாதிரி ஒரு படம் இருந்தால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன், ஒன்றுகூட இல்லை, எல்லாம் கோயில் வாசலில் நிற்கிற படம். நைட்டியோடு இருக்கிறேன், தலை சீவவில்லை என்று நாமே ஓடி ஒளிகிறோம், முதலில் அதை நிறுத்த வேண்டும். நைட்டிதான் போட்டிருந்தோம், அதில் என்ன?

வேலைக்கு வருகிறேன். கேமராவில் எல்லாவற்றையும் நீங்களே செட் பண்ணிவிட்டு அதைத் தம்பியிடம் கொடுங்கள், பொம்மைப் படம் எடுத்த கை அது. "நான் கேட்கும்போது எடுக்காதே, நான் மறந்திருக்கும்போது எடு" என்று மட்டும் சொல்லிவையுங்கள். இல்லையென்றால் போனை அலமாரியில் எவர்சில்வர் டப்பாவில் சாய்த்து வைத்து, சில விநாடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி வைக்கும் ஆப் இருக்கிறது, சில கேமராக்களிலும் அந்த வசதி உண்டு. வைத்த கொஞ்ச நேரத்தில் நீங்களே மறந்துவிடுவீர்கள். நூறில் தொண்ணூறு குப்பையாக வரும், பரவாயில்லை.

வீட்டுக்காரருக்கு ஒரு வரி: அண்ணா, அவர் சொல்லாமல் எடுங்கள்.

சூரமங்கலம் வக்கீல்:

ஆள் வைப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. வைப்பதென்றால் இன்ஸ்டாகிராமில் இருக்கும் பத்து நல்ல படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே குடும்பத்தை ஒரு காலை முழுக்க எடுத்த எல்லாப் படத்தையும் காட்டச் சொல்லுங்கள், அதில் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் கேமராவை எடுக்காமல் கொஞ்ச நேரம் பிள்ளைகளோடு உட்காருகிறவரா, பெட்டி பெட்டியாகப் பொம்மை நாற்காலியும் கூடையும் கொண்டு வருகிறவரா என்று முன்கூட்டியே கேளுங்கள். அறுபதாம் கல்யாணத்துக்கு ஆள் வையுங்கள், அன்று நீங்கள் மருமகள், கேமரா பிடிக்க உங்களை விடமாட்டார்கள். ஏற்காட்டுக்கு வேண்டாம் என்பது என் எண்ணம், சுற்றுலாவில் வெளியாள் கூடவே வந்தால் எல்லோரும் நல்ல பிள்ளையாகிவிடுவார்கள்.

இன்னொன்று முக்கியம். எங்கள் உறவில் ஒரு குழந்தையின் படத்தை எடுத்தவர் கேட்காமல் தன் விளம்பரத்தில் போட்டுவிட்டார், எடுக்கச் சொல்லி எடுக்கச் சொல்லி அலுத்துப்போனது. முன்பணம் கொடுக்கும்போதே, எங்கள் அனுமதி இல்லாமல் எங்கும் வெளியிடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது, ஆனால் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அலைவதைவிட ஒரு தாள் கையெழுத்து எளிது. நீங்களும் எண்ணெய்க் குளியல் படத்தை ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. யூனிஃபார்ம் பேட்ஜ் தெரியும் படத்தையும் அப்படியே. போனில் படத்தோடு இடம் பதிவாகும் வசதியை அணைத்துவிடுங்கள்.

கன்னங்குறிச்சி அம்மா:

கல்யாணத்துக்கு ஆள், ஏற்காட்டுக்கு நாங்களே, முடிவாகிவிட்டது. மாமியாரும் வரிசைக்கு ஐந்து நிமிடம் என்று ஒப்புக்கொண்டார் (பத்து கேட்டார்). வீட்டுக்காரர் இந்தத் திரியைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கேமராவைச் சார்ஜ் போட்டிருக்கிறார்.

கடைசியாக ஒரு சந்தேகம், மலைக்காப்பி அண்ணாவுக்கு. பெரியவளுக்கு வளைவில் வாந்தி வரும். மேலே போய்ச் சேரும்போது முகம் வாடிக் கிடந்தால் அன்றைக்கு எதுவுமே எடுக்க முடியாதே?

மலைக்காப்பி:

இருபது கொண்டை ஊசி வளைவு, பெரியவர்களுக்கே வரும். கிளம்பும் முன் வயிறு முட்டப் பால் கொடுக்காதீர்கள், இரண்டு இட்லி போதும், போகும்போது போன் காட்டாதீர்கள், ஜன்னலைத் திறந்து தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள், டிரைவரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். மருந்து கொடுப்பதென்றால் டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள், சில மருந்து தூக்கத்தில் தள்ளிவிடும், பொழுது போய்விடும். வந்து இறங்கிய அன்று மதியம் வரை கேமராவைத் தொடாமல் தூங்கவிடுங்கள். மறுநாள் காலை ஆறரைக்குப் பகோடா பாயின்ட், அப்போது அவள் உங்களை எழுப்புவாள். கார்டில் இருக்கும் பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு வாருங்கள், மேலே வந்த பிறகு இடமில்லை என்று அழிக்க உட்காருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.